பின்னால வரக்கூடாது

போத்தல் போடுகிற பச்சைத் தொட்டிக்குப் பின்னால் ஒரு ஆம்பிளை, அதுவும் தொப்பை வைத்த, பஸ் கம்பனியின் ஜாக்கெட் போட்ட ஒரு ஆம்பிளை, ஒளித்து நின்று சின்னப் பிள்ளைகளின் பள்ளிக்கூட வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தால் நோர்வேயின் பேர்கன் நகரத்தில் என்ன நினைப்பார்கள் என்று தயாபரனுக்குத் தெரியாமலில்லை. நன்றாகவே தெரியும். நாயைக் கூட்டிக்கொண்டு போன ஒரு கிழவி இரண்டாம் தரமும் திரும்பிப் பார்த்தபோது அவன் சட்டென்று வெறுங்கையைத் தொட்டியின் வட்ட ஓட்டைக்குள் விட்டு, இல்லாத ஒரு போத்தலை உள்ளே போட்டான். போத்தல் விழுகிற சத்தம் வரவில்லை என்பதைக் கிழவி கவனித்தாளோ இல்லையோ, நாய் கவனித்தது. போகட்டும், நாய் சாட்சி சொல்ல வராது. இந்த நேரத்துக்கு அவன் வீட்டில் இருக்க வேண்டியவன். தேத்தண்ணி வைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி டிவி பார்த்துக்கொண்டு, மணிச்சத்தம் கேட்டதும் ஆறுதலாக எழும்பிப் போய்க் கதவைத் திறக்க வேண்டியவன். காலையில் மகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கும்போது அப்படித்தான் சொன்னான். இன்றைக்கு அவள் தனியே நடந்து வீட்டுக்கு வரப்போகிறாள், வாழ்க்கையில் முதல் தரம். 'நீங்கள் பின்னால வரக்கூடாது' என்று காரின் பின் சீட்டில் இருந்தபடி, கண்ணாடிக்குள்ளால் அவனுடைய கண்ணைப் பார்த்துச் சொன்னாள் ஆரபி. முன்னால் வரலாமோ என்று இவன் பகிடி விட்டான். அவள் சிரிக்கவில்லை. தன் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாள். இவன் வைத்தான், ஆனால் அவளுடைய தலையில் வைக்கவில்லை, தன்னுடைய மொட்டைத் தலையில் வைத்தான். அப்படியென்றால் அப்போதே தெரிந்திருக்கிறது. பொய்ச் சத்தியத்தின் பலன் பிள்ளைக்குப் போகாமல் தனக்கே வரட்டும் என்று கை தன்பாட்டில் ஒரு முடிவு எடுத்திருக்கிறது. வகுப்பில் மற்றப் பிள்ளைகள் எல்லாரும் நடந்தே வீட்டுக்குப் போகிறார்களாம், நீ மட்டும் ஏன் குழந்தைப்பிள்ளை மாதிரிக் காரில் போகிறாய் என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். அவள் தானாகக் கேட்ட ஒரு விஷயம். இப்போது இவன் பிடிபட்டால் இனிக் கேட்கமாட்டாள், அது நிச்சயம், அவளுடைய பிடிவாதம் தாய் வதனியுடைய பிடிவாதம்.

மணி அடித்தது. பிள்ளைகள் சிந்திய பயறு போல வாசலால் கொட்டுண்டு நாலு பக்கமும் ஓடின, அவனுக்கு எல்லாமே ஒரே ஜாக்கெட்டாக, ஒரே தொப்பியாகத் தெரிந்தது, பிறகு கடைசியாக, கொஞ்சம் பிந்தி, ஊதா நிறப் பையோடு அவள் வந்தாள். ஒன்பது வயசுக்காரி அவள் போட்டிருந்த ஜாக்கெட் பன்னிரண்டு வயசுப் பிள்ளைகளுக்கு விற்கிற அளவு. அகலம் சரியாக இருக்கும், கை மட்டும் நீளமாக வரும், வதனி இரண்டு தரம் மடித்துத் தைத்துக் கொடுத்திருக்கிறாள். தூரத்தில் நின்று பார்க்கும்போது மகள் வேறு மாதிரி இருந்தாள். வீட்டில் அவள் சின்னப் பிள்ளை, மடியில் வந்து இருக்கிறவள், இங்கே மற்றவர்களுக்கு நடுவில் பெரிய பிள்ளை, நிறையப் பெரிய பிள்ளை. இதை இத்தனை நாளும் காணாமல் இருந்தேனா, கண்டும் காணாமல் இருந்தேனா என்று ஒரு கேள்வி வந்தது, அவன் அதைத் தள்ளிவிட்டான், அது திரும்பி வந்தது. காரில் ஏற்றும்போது பின் சீட்டில் தலை மட்டும்தான் தெரியும், அதனால்தான். இல்லை, அதனால் இல்லை. தாதி சீக்ரிட் சொன்ன அன்றைக்கும் அவனுக்கு முதலில் வந்தது கோபம்தான். பள்ளிக்கூடத்தின் சுகாதார அறையில், சுவர் முழுக்கக் கரடிப் படம் ஒட்டிய அந்த அறையில், சின்னக் கதிரையில் முழங்கால் வாயில் இடிக்க இருந்துகொண்டு, ஆரபியின் உயரத்துக்கு நிறை கூட என்று கேட்டபோது காது சூடேறியது. என் பிள்ளைக்குச் சாப்பாடு போட்டது குற்றமா. சாப்பாடு இல்லாமல் விட்டிருந்தால் அல்லவா கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். நோர்வேஜியன் மொழியில் கோபப்படத் தனக்கு வராது என்பதால் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான், வதனி அவனுடைய தொடையில் நுள்ளினாள்.

அவள் றோட்டின் இடது பக்கத்து நடைபாதையால் போனாள், இவன் வலது பக்கத்தால், நிறுத்தியிருந்த கார்களுக்கு மறைவில், கூனிக் கூனி. இந்த றோட்டில் எத்தனை வருஷம் பஸ் ஓட்டியிருக்கிறான், ஆனால் நடந்தால் இது வேறு றோட்டு. பஸ்ஸில் இருந்தால் இது இரண்டு தரிப்புக்கு நடுவில் உள்ள ஒரு வெறும் நீளம். நடந்தால் வேலி இருக்கிறது, வேலிக்குள் முயல்கூடு இருக்கிறது, யாரோ வீட்டில் வெங்காயம் பொரிக்கிறார்கள், ஓடைத் தண்ணி கல்லில் விழுகிற சத்தம் இருக்கிறது, இவ்வளவு காலமும் அந்தச் சத்தத்தை என்ஜின் தின்றிருக்கிறது. மழை இல்லாத நாள். இந்த ஊரில் அது ஒரு கொடுப்பினை. தாதி கெட்டிக்காரி, அதை இப்போது ஒத்துக்கொள்ளலாம். இது உங்கள் பிள்ளைக்கு மட்டும் உள்ள விஷயம் இல்லை, ஐரோப்பா முழுக்கப் பிள்ளைகள் இருந்த இடத்திலேயே இருந்து வளர்கிறார்கள், அதனால்தான் பல நகரங்களில் சேர்த்து இந்த ஆய்வே செய்கிறோம் என்று சொல்லி ஒரு பெல்ட் தந்தாள். அதில் தீப்பெட்டி அளவில் ஒரு மெஷின். ஒரு கிழமைக்கு இடுப்பில் கட்டியிருக்க வேண்டும், பிள்ளை எவ்வளவு அசைகிறாள் என்று அது பதிந்துகொள்ளும். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் வதனி அதைக் கையில் ஏந்திப் பார்த்து, அரசாங்கத்துச் சாமான், ஒரு கீறல் விழக்கூடாது என்றாள். இவனும் ஓம் என்றான். பிள்ளை தண்ணியில் விழுத்திவிடுவாள், பள்ளிக்கூடத்தில் உடைத்துவிடுவாள் என்று இரண்டு பேரும் கதைத்து முடிவெடுத்து, அதைச் சாமித்தட்டில், பிள்ளையாருக்குப் பக்கத்தில், துப்புரவான துணியில் சுற்றி வைத்தார்கள். வெள்ளிக்கிழமை வதனி அதற்கும் ஒரு சந்தனப் பொட்டு வைத்தாள். கிழமை முடிய ஒரு கீறலும் இல்லாமல் கொண்டுபோய்க் கொடுத்தபோது இவனுக்கு ஒரு பெருமை கூட.

பிறகு சீக்ரிட் தொலைபேசி எடுத்து, ஆரபிக்கு ஏதும் கடுமையான வருத்தமா, படுக்கையிலா இருந்தாள், அசைவென்று ஒன்றுமே பதியவில்லையே என்று பயந்த குரலில் கேட்டாள். பத்திரமாக வைத்திருந்தோம் என்று வதனி விளக்கம் கொடுத்தாள். எங்கே என்று கேட்டாள், அதையும் சொன்னாள். தாதிக்கு இருமல் வந்தது, அது சிரிப்பை அடக்கிய இருமல் என்று பிறகுதான் விளங்கியது. திரும்பவும் பெல்ட் தந்தாள், இந்தத் தரம் கடவுளுக்கு வேண்டாம், பிள்ளைக்குக் கட்டுங்கள் என்று. கட்டினார்கள். ஆரபியே குளிக்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் கட்டிக்கொண்டு திரிந்தாள். மெஷின் பதிந்த அசைவைத் தாதி ஒரு கோடாகக் கொம்பியூட்டரில் காட்டியபோதுதான் இவனுக்கு உறைத்தது. பள்ளிக்கூட நாட்களில் இடைக்கிடை எழும்பிய கோடு சனி ஞாயிறில் படுத்துவிட்டது, பிள்ளையாரின் கோட்டுக்கும் அவளுடைய கோட்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எப்படி இருக்கும்? சனிக்கிழமை காலை தமிழ்ப் பள்ளிக்கூடம், காரில். அங்கிருந்து கணக்கு வகுப்பு, காரில். கணக்கிலிருந்து வயலின், காரில், போகிற வழியில் பின் சீட்டிலேயே சாப்பாடு. பின்னேரம் யாருக்கோ பிறந்தநாள், மண்டபம், அங்கேயும் கதிரையில். நடன வகுப்பு ஒன்றுதான் ஆடுகிற இடம், அங்கே போன வருஷம் கடைசி வரிசையில் விடச் சொல்லித் தானே ரீச்சரிடம் கேட்டிருக்கிறாள், பிறகு கால் நோகிறது என்று சொல்லி நின்றுவிட்டாள். கால் நோவுக்கு இவன் தைலம் வாங்கிக் கொடுத்தான். தைலம். பிள்ளைக்கு நொந்தது காலா என்று ஒரு தரம், ஒரே ஒரு தரம், கேட்டிருக்கலாமே. ஓடி ஓடிக் கொண்டுபோய் விட்டேனே, ஒரு வகுப்புக்கும் பிந்தவிட்டதில்லையே, என்னைப் போல ஒரு தகப்பன் இந்த ஊரில் உண்டா என்று திரிந்தவன். ஓடியது கார்தான்.

கால்பந்துத் திடலுக்குப் பக்கத்தில் அவள் நின்றாள். இவன் நிறுத்தியிருந்த ஒரு வானுக்குப் பின்னால் குந்தினான், முழங்கால் மளுக்கென்றது. என்ன, ஏன் நிற்கிறாள், தலை சுற்றுகிறதா, யாரும் கூப்பிட்டார்களா. ஒருவரும் கூப்பிடவில்லை. வேலிக் கரையில் பனி கரைந்த சேற்றுக்குள் மஞ்சளாகச் சின்னப் பூக்கள் பூத்திருந்தன, அவள் குனிந்து ஒன்றைப் பிடுங்கினாள், குனிந்து இன்னொன்று, ஜாக்கெட் மேலேறி முதுகு தெரிந்தது, பிள்ளை உடனே கையைப் பின்னால் விட்டு ஜாக்கெட்டை இழுத்துவிட்டாள். ஒருவரும் பார்க்கவில்லை என்று நினைக்கிற நேரத்திலும் இழுத்துவிடுகிறாள். அந்தக் கையசைவு இவனை எங்கேயோ குத்தியது. ஒரு பிறந்தநாள் மண்டபத்தில், மிக்ஸரும் ரோல்ஸும் கேக்கும் அடுக்கிய மேசைக்குப் பக்கத்தில் நின்று ஒரு மாமி, பிள்ளைக்கு இன்னும் ஒரு ரோல்ஸ் வையுங்கோ என்று தானே வைத்தவள், அடுத்த மூச்சில், வதனி, இவளைக் கொஞ்சம் பார்த்து வளர், பிறகு கலியாணம் பேசேக்க கஷ்டம் என்றாள். வையுங்கோ என்ற அதே வாய். ஆரபி ரோல்ஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள், தின்னவும் முடியாமல் வைக்கவும் முடியாமல். அன்றைக்கு இவன் அந்த மாமிக்கு ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சிரித்தான். எல்லாரும் சிரித்தபடியால் சிரித்தான். வீட்டுக்கு வருகிற வழியில் பிள்ளையின் மனம் ஆற ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தான், பாருங்கோ, கொடுத்தது ஐஸ்கிரீம். அன்பு என்றால் அவனுக்கு வாயில் வைக்கிற சாமான்தான், வேறு மாதிரிக் காட்டத் தெரியாது, ஜூஸ் ஊற்றுவான், கோப்பையில் இன்னும் ஒரு கரண்டி போடுவான், போதும் என்றால் மனம் நொந்துபோவான். பூக்களைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் திரும்பவும் நடந்தாள், நடையில் ஒரு துள்ளல் கூட வந்தது போல இருந்தது.

பிறகு ஏற்றம். வீட்டுக்குப் போகிற கடைசிப் பெரிய ஏற்றம், பஸ்ஸே கியர் மாற்றி முக்குகிற இடம். அவள் பாதியில் நின்றாள். தோளைத் தூக்கித் தூக்கி மூச்செடுத்தது இவ்வளவு தூரத்துக்கும் தெரிந்தது, பையைக் கழற்றினாள், ஒரு கல்லில் இருந்துவிட்டாள். எழும்பு ராசாத்தி என்று இவன் வாய்க்குள் சொன்னான், உடனே, இல்லை, இரு, இரு, ஆறுதலாய் இரு என்றான். ஓடிப்போய்ப் பையை வாங்கினால் என்ன. போய் வாங்கு, சத்தியமாவது மண்ணாங்கட்டியாவது, பிள்ளை மூச்சிழுக்கிறது. கால் ஒரு அடி வைத்தது, வைத்ததை எடுத்தது. அந்த நேரம் பார்த்து அவளுடைய வகுப்புப் பெடியன் ஒருவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறி வந்து அவளுக்கு முன்னால் நின்றான், ஏதோ சொன்னான். என்ன சொன்னான்? குண்டு என்றானா. முகம் தெரியவில்லை. தயாபரனின் கை தன்பாட்டில் பொத்திக்கொண்டது, ஒன்பது வயசுப் பெடியனை என்ன செய்யப்போகிறாய் என்று அவனையே அவன் கேட்டான். ஆரபி ஏதோ பதில் சொன்னாள். பெடியன் கையை மேலே காட்டினான், பிறகு சைக்கிளைத் திருப்பிவிட்டு, ஏற்றத்தில் பின்பக்கமாக, முதுகை மேலே காட்டிக்கொண்டு நடந்து காட்டினான், விழப்பார்த்தான், அவள் சிரித்தாள். இந்தச் சிரிப்பை இவன் வீட்டில் கேட்டுக் கனகாலம். பெடியன் சைக்கிளோடு போய்விட்டான். குண்டு என்று அவன் சொல்லவில்லை, சொன்னது இவனுடைய தலைக்குள் இருக்கிற ஆரோ.

றோட்டில் தனியே போகிற பிள்ளைக்கு ஒன்றும் நடக்காமல் இருக்கலாம் என்பது தயாபரனுக்கு நம்ப முடியாத ஒரு செய்தி. அவனுடைய தம்பி நேசன் ஊரில், சண்டைக் காலத்தில், ரியூசனுக்கு நடந்து போனான். பத்து நிமிஷ நடை, தெரிந்த ஒழுங்கை, தெரிந்த மதில்கள், பட்டப்பகல். வரவில்லை. அவ்வளவுதான், அந்தக் கதையில் வேறு ஒன்றும் இல்லை, யார் பிடித்தது என்று கடைசிவரை தெரியவில்லை, ஒழுங்கையில் ஒரு செருப்புக்கூடக் கிடக்கவில்லை. அம்மா சாகும்வரை படலைக்கு வெளியில் பார்த்தாள். அன்றையிலிருந்து அவனுக்கு நடக்கிற பிள்ளை என்றால் தொலைகிற பிள்ளை. ஆரபி பிறந்த அன்று ஆஸ்பத்திரியால் கொண்டுவரும்போது அவன் மனதில் வைத்தது ஒன்றுதான், இவளை றோட்டில் தனிய விடமாட்டேன். அதற்காகத்தான் கார். பள்ளிக்கூடம் இந்தா, நடக்கிற தூரம்தான், அதற்கும் கார். இந்த ஊர்ப் பெற்றார்கள் பிள்ளைகளை மழையில், பனியில், இருட்டில் தனியே நடக்க விடுவதைப் பஸ் கண்ணாடிக்குள்ளால் கண்டு, இரக்கமில்லாத சாதி என்று திட்டியிருக்கிறான். இதைத் தாதியிடம் சொல்லவில்லை. ஏன் காரில் கொண்டு வருகிறீர்கள் என்று அவள் கேட்டபோது நேரமில்லை என்றான். நேசனைப் பற்றிக் கரடிப் படம் ஒட்டிய அறையில் எப்படிச் சொல்வது, அந்த மொழியில் ஒழுங்கைக்கு என்ன சொல். ஆனால் அந்தக் கோடு, சனி ஞாயிறில் படுத்துக் கிடந்த அந்தக் கோடு, அதில் நேசனும் இருக்கிறான் என்று அவனுக்குத் தெரிந்தது. தம்பிக்கு நடந்ததற்குப் பிள்ளையை இருத்தி வைத்திருக்கிறான்.

ஆரபி எழும்பினாள். பையைப் போட்டாள். பிறகு, யார் நினைத்தார்கள், பெடியன் காட்டின மாதிரியே மேலே முதுகைக் காட்டி, முகத்தைக் கீழே திருப்பி, பின்பக்கமாக நடக்கத் தொடங்கினாள். இவன் நின்ற பக்கத்தை நேரே பார்த்தபடி. ஏற்றத்தில் கார் ஒன்றும் நிற்கவில்லை, மரமும் இல்லை, இருந்தது ஒரு பஸ் தரிப்பு மட்டும். அதற்குள் பாய்ந்தான். பஸ் தரிப்பின் சுவர் கண்ணாடி. கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் ஒளிக்கிற புத்திசாலியைக் கடவுள் என்ன செய்வார், பஸ்தான் அனுப்புவார். அனுப்பினார். ஆர்னே ஓட்டி வந்தான், கூட வேலை செய்கிறவன், நல்ல மனிசன், நல்ல மனிசன் என்பதால் கண்டதும் ஹோர்ன் அடித்தான், அடித்துவிட்டுக் கதவையும் திறந்தான். ஹோர்ன் சத்தத்துக்கு ஆரபி இந்தப் பக்கம் பார்க்கிறாள், பார்த்துவிடப் போகிறாள், யோசிக்க நேரமில்லை, தயாபரன் பஸ்ஸுக்குள் ஏறினான். ஏறிக் குனிந்தான். கதவு மூடியது, பஸ் வெளிக்கிட்டது. என்ன செய்துவிட்டேன் என்று விளங்குவதற்குள் பஸ் வலது பக்கம் வளைந்தது, அவள் பின் கண்ணாடியில் சின்னதாகி இல்லாமல் போனாள், முன்னால் மலைக்கு அடியில் சுரங்கம் வாயைத் திறந்திருந்தது. நிற்பாட்டு என்றான். ஆர்னே கண்ணாடிக்குள்ளால் பார்த்து, தரிப்புக்கு நடுவில் கதவு திறக்க ஏலாது என்று உனக்குத் தெரியாதா என்றான். தெரியாதா? பிள்ளைத்தாச்சி கேட்டும் திறக்காதவன் இவன். பல வருஷமாக அந்தச் சட்டத்தைத் தேவாரம் போலச் சொல்லிக்கொண்டு வந்தவன்.

சுரங்கத்துக்குள் மஞ்சள் வெளிச்சம் ஒவ்வொன்றாக வந்து முகத்தில் விழுந்து போனது. பயணிகள் அவரவர் பாட்டில் இருந்தார்கள். இப்போது யாராவது வந்தால். இப்போது ஒரு வான் வந்து அந்த ஏற்றத்தில் நின்றால். பின்பக்கமாக நடக்கிறாள், காரைக் காணமாட்டாள். நேசன் எந்தப் பக்கம் பார்த்து நடந்திருப்பான். ஐயோ பிள்ளையாரே, உனக்குப் பக்கத்தில்தானே வைத்தேன். எதை, பெல்டையா பிள்ளையையா, தலைக்குள் எல்லாம் கலங்கியது. நெஞ்சு அடித்த அடிக்கு இடுப்பில் அந்த மெஷின் இருந்திருந்தால் நல்ல உயரமான கோடு வந்திருக்கும் என்றும் ஒரு நினைப்பு, இந்த நேரத்திலும் ஒரு நினைப்பு. சுரங்கம் முடிந்து மலைக்கு மற்றப் பக்கம் தரிப்பு வந்ததும் ஆர்னேவுக்கு நன்றிகூடச் சொல்லாமல் குதித்தான். திரும்பிப் போகிற பஸ் இப்போதைக்கு வராது, அந்த அட்டவணை அவனுக்கு மனப்பாடம். மலைக்கு மேலால் ஒரு நடைபாதை போகிறது என்று பலகை சொன்னது. அவன் மலைக்கு அடியால் மட்டுமே போய் வந்தவன், மேலே என்ன இருக்கிறதென்று ஒரு நாளும் பார்த்ததில்லை. ஓடத் தொடங்கினான். ஓட்டம் என்று அதைச் சொல்வது மரியாதைக்குத்தான், சப்பாத்து வழுக்கியது, தொப்பை தனியாக ஓடியது, டொக்டர் இரத்தத்தில் சீனி கூட என்று சொன்னதும் நட என்று சொன்னதும் இவன் தலையாட்டியதும் நினைவு வந்தது. மூச்சு முட்டி ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். கொஞ்சம் முன்னம் அவள் கல்லில் இருந்தது இப்படித்தான், நெஞ்சு இப்படித்தான் எரிந்திருக்கும். அவள் இருந்து எழும்பினாள். எழும்பி நடந்தாள். ஒருவரும் கை கொடுக்கவில்லை, ஒருவரும் பையை வாங்கவில்லை. அவன் மரத்தை விட்டான். மேலே காற்று குளிராக, துப்புரவாக இருந்தது, கீழே கடல் தெரிந்தது, கூரைகளுக்கு நடுவில் அவர்களுடைய மாடிவீடும் தெரிந்தது. இரண்டு நோர்வேஜியன் கிழவர்கள் தடியூன்றி எதிரே வந்து, நல்ல நாள் என்று சொல்லிப் போனார்கள். நல்ல நாளா இல்லையா என்று அவனுக்கு இன்னும் தெரியாது.

இறங்கி, படிகளைத் தாண்டி, மூலை திரும்பியபோது அவள் வீட்டு வாசல்படியில் இருந்தாள். பை பக்கத்தில், பூக்கள் பைக்கு மேலே. இருக்கிறாள். முழுசாக இருக்கிறாள். அவனுடைய கண் நிறைந்துவிட்டது, குளிர்காற்று என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் குளிர்காற்று இல்லை. பூட்டிய கதவு, திறப்பு அவனுடைய காற்சட்டைப் பையில், பிள்ளைக்கு ஒரு திறப்பு கொடுக்க வேண்டும் என்று அவனுக்கும் தோன்றவில்லை, வதனிக்கும் தோன்றவில்லை, தனியே வீட்டுக்கு வருகிற பிள்ளை இதுவரை அந்த வீட்டில் இருந்ததில்லையே. ஆரபி அவனை மேலும் கீழும் பார்த்தாள். சேறு பிரண்ட சப்பாத்து, வியர்த்து வழிகிற மொட்டை, எங்கேயோ கிழிந்த ஜாக்கெட்.

"பின்னால வந்தனீங்களோ?" என்றாள்.

பொய் சொல்ல மூச்சு இருக்கவில்லை. "கொஞ்சத் தூரம்" என்றான்.

"பிறகு?"

"பிறகு பஸ்ஸில ஏறிட்டன்."

அவள் முகம் கறுத்தது. சரி, போச்சு என்று நினைத்தான். அவள் எதையோ கணக்குப் பார்க்கிறவள் மாதிரி ஏற்றத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "பஸ்ஸில வந்தும் எனக்குப் பிறகோ வாறீங்கள்?" என்றாள், கேட்டுவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்தது, அடக்கப் பார்த்தாள், வாயைப் பொத்தினாள், ஏலவில்லை. மாடிவீட்டின் படிகள் எல்லாம் கேட்கச் சிரித்தாள். இவன் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மூச்சுக்கும் சிரிப்புக்கும் நடுவில், நேசனைப் பற்றி இவளுக்கு ஒரு நாள் சொல்ல வேண்டும் என்று நினைத்தான், இன்றைக்கு இல்லை, நடந்துகொண்டு சொல்லலாம், சேர்ந்து நடக்கிற ஒரு நாளில். வளையத்தில் இருந்து வீட்டுத் திறப்பைக் கழற்றினான். வளையம் இறுக்கம், நகம் நொந்தது.

"இது இனி உன்னட்ட இருக்கட்டும்" என்றான்.

அவள் வாங்கினாள். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள், நாளைக்கும் நடக்கலாமோ என்று கேட்கவில்லை, கேட்கத் தேவையில்லை என்று தெரிந்தவள் மாதிரித் திறப்பைப் பூட்டில் விட்டாள். அது முதலில் தலைகீழாகப் போனது. பிறகு மற்றப் பக்கம் திருப்பினாள். கை நீட்டித் தானே திறந்துவிட இவனுக்கு விரல் துடித்தது, அந்தக் கதவுக்கு ஒரு சின்ன இழுவை வேண்டும், அது அவளுக்குத் தெரியாது, கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றான். அவள் தோளால் இடித்தாள், இழுத்தாள், திறந்தது. பையையும் பூக்களையும் அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். தானாகப் பூட்டிக்கொள்கிற கதவு அவளுக்குப் பின்னால் போய் மெதுவாகச் சாத்தி, டிக் என்றது. அவன் வெளியில். இப்போது அவனிடம் திறப்பு இல்லை. தன்னுடைய வீட்டின் மணியை வாழ்க்கையில் முதல் தரமாக, விருந்தாளி மாதிரி, ஒரு விரலால் அடித்தான். உள்ளே தண்ணிக்குழாய் ஓடியது, நின்றது. ஆறுதலான நடை ஒன்று கதவுக்கு வந்தது.

"ஆரது?" என்று கேட்டாள் ஆரபி.